ஆறு மணி

பத்து நாட்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய அன்று மாலை, சமையலறை மேடைக்கு அருகே கைகளைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தேன். மணி ஆறு. உடலில் நடுக்கமோ வியர்வையோ இல்லை. மருந்து தன் வேலையை முடித்திருந்தது. குடிக்க வேண்டும் என்ற வேட்கைகூட அந்த நிமிடத்தில் பெரிதாக எழவில்லை. ஆனால் அந்த ஆறு மணியை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பதினான்கு ஆண்டுகளாக அந்த நேரத்தில் என் கைகள் ஒரே ஒரு வேலையைத்தான் செய்து பழகியிருந்தன. அந்த வேலை போய்விட்ட பிறகு, ஆறு மணியிலிருந்து தூக்கம் வரும் வரையிலான நான்கைந்து மணி நேரம், பொருட்களை எல்லாம் எடுத்துவிட்ட அறையைப் போல என் முன்னால் கிடந்தது.

நான் குடியை விட்டு இப்போது நான்கு ஆண்டுகள் ஆகப் போகின்றன. இடையில் ஒரு சறுக்கல் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். விட்டவர்கள் எல்லாரும் மன உறுதியைப் பற்றியே பேசக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் மன உறுதி காலையில் மிகுதியாக இருந்து, மாலைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும் ஒன்று. என்னைத் தாங்கி நிறுத்தியவை, மனம் சோர்ந்துபோன நாளிலும் கைகால்கள் தாமாகவே செய்துவிடக்கூடிய சில சிறிய பழக்கங்கள்தாம். அவற்றைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாகத் தினமும் மிகுதியாகக் குடித்து வந்தவர், மருத்துவரிடம் சொல்லாமல், ஒரே நாளில் தானாக நிறுத்திவிட முயலக் கூடாது. மூளையில் பரபரப்பை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி அழுத்தப்படும் மூளை, நிமிர்ந்து நிற்பதற்காக எதிர்த்திசையில் தன்னை மாற்றிக்கொண்டு விடுகிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த எதிர்விசை மட்டும் தடையின்றி மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கமும் படபடப்பும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் கடுமையான குழப்பநிலை ஏற்பட்டு, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். இதையெல்லாம் அறியாமல் நான் முதல் முறை வீட்டிலேயே தனியாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டாம் நாள் இரவு குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். கதவுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியின் குரலை இன்றும் மறக்க முடியவில்லை. ஆகவே முதல் வாரத்தை மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பழக்கங்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மருத்துவமனையில் எனக்குத் தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகச் செலுத்தினார்கள். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் அது குறைந்து போயிருக்கும். அந்தக் குறைபாடு முற்றினால் நினைவாற்றலையே நிரந்தரமாகச் சிதைத்துவிடக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். வீட்டுக்கு அனுப்பும்போது அகாம்ப்ரோசேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். என் ஈரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்ததால், சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் இந்த மருந்து எனக்குப் பொருந்தும் என்றார். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அதை விழுங்க வேண்டும். தொல்லையாகத் தோன்றிய அந்த மூன்று வேளைக் கணக்குதான் குடியில்லாத என் நாளின் முதல் மூன்று முளைக்குச்சிகளாக அமைந்தது. மாத்திரை விழுங்க வேண்டும் என்பதற்காகச் சாப்பிட்டேன். சாப்பிட வேண்டும் என்பதற்காக எழுந்தேன்.

வெளிநோயாளியாகச் சென்றபோது ஆலோசகர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "முதல் கிளாஸுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்னென்ன செய்வீர்கள் என்று வரிசையாக எழுதி வாருங்கள். உணர்ச்சிகளை எழுத வேண்டாம், செயல்களை மட்டும் எழுதுங்கள்" என்றார். எளிய வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. அலுவலகத்திலிருந்து வருவேன்; சாவிக்கொத்தைச் சாப்பாட்டு மேசையின் இடது மூலையில் வைப்பேன்; சட்டையை மாற்றுவேன்; தொலைக்காட்சியைப் போடுவேன்; அலமாரியைத் திறப்பேன். பதினான்கு ஆண்டுகளாக இந்த வரிசை ஒரு நாள்கூட மாறியதில்லை. மேசையில் சாவி விழும் ஓசை கேட்டதுமே என் வாயில் எச்சில் ஊறத் தொடங்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். கண்ணாடிக் கிளாஸ் கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே குடி தொடங்கிவிட்டிருந்தது.

இதற்கு மூளையிலேயே காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் இன்பத்தை நாடித்தான் குடிக்கிறோம். திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையின் உட்புறத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற அமைப்பில், வெகுமதியைக் கணிக்கும் பகுதியிடமிருந்து பழக்கத்தை இயக்கும் பகுதியிடம் அந்தச் செயலின் கடிவாளம் மெல்ல மெல்லக் கைமாறுகிறது. அதன் பிறகு இன்பம் கிடைக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. இடமும் நேரமும் ஓசையும் பொருந்தினால் போதும், கை தானாகவே நீள்கிறது. குடித்துக் குடித்து எந்த மகிழ்ச்சியும் இல்லாமல் போன பிறகும் ஏன் நிறுத்த முடியவில்லை என்று என் மனைவி பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இந்த விளக்கத்தை அவளிடம் சொன்னபோது, "அப்படியானால் அந்த மேசையை மாற்றிவிடலாமா?" என்று கேட்டாள்.

மேசையை மாற்றவில்லை. சாவிக்கு வேறு இடம் பார்த்தோம். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்து, அதில் சாவியை மாட்டினேன். அந்த ஆணிக்கு நேர் கீழே நடைக்காலணிகளை வைத்தேன். பீட்டர் கோல்விட்ஸர் என்னும் உளவியலாளர் 1999இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில், 'இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்து வைக்கும் திட்டம், 'நல்லவனாக இருப்பேன்' என்பது போன்ற பொதுவான உறுதியைவிட மிகுதியாகச் செயலில் முடிகிறது என்று விளக்கியிருக்கிறார். சாவியை மாட்டினால் காலணியை அணிவேன் என்பதே என் திட்டம். அதற்கு மேல் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. காலணி அணிந்த மனிதன் வீட்டுக்குள் அதிக நேரம் நிற்பதில்லை.

நடக்கத் தொடங்கிய முதல் வாரங்களில் நடை எனக்குப் பிடிக்கவே இல்லை. மது விற்கும் இடங்கள் இல்லாத பாதையாகத் தேர்ந்தெடுத்ததால் அது சற்று நீளமாகவும் இருந்தது. பாதி வழியில் வேட்கை எழும். நெஞ்சுக்குக் கீழே தொடங்கித் தொண்டை வரை இறுகும். விட்டவர் மீண்டும் குடியில் விழாமல் காக்கும் மறுவீழ்ச்சித் தடுப்பு என்ற துறைக்கு அடித்தளமிட்ட ஆலன் மார்லட், வேட்கையை ஓர் அலை என்று பார்க்கச் சொன்னார். அலையை எதிர்த்துத் தள்ளவும் வேண்டாம், அதனிடம் பணியவும் வேண்டாம். எழுந்து, உச்சியைத் தொட்டு, தானாகத் தாழும் வரை அதன் மேல் மிதந்திருந்தால் போதும் என்பது அவர் காட்டிய வழி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். பெரும்பாலான அலைகள் இருபது, முப்பது நிமிடங்களைத் தாண்டவில்லை. என் நடையோ நாற்பது நிமிடம். என்னால் வேட்கையை வெல்ல முடியும் என்று நான் நம்பியதில்லை. அதைவிட நீளமாக நடக்க முடியும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

பசியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஒரு கிராம் ஆல்கஹாலில் சுமார் 7 கலோரி இருக்கிறது. நெடுநாளாக என் உடல் அந்த வெற்றுக் கலோரிகளை உணவாகக் கொண்டு காலம் தள்ளியிருக்கிறது. நிறுத்திய பிறகு மாலை ஐந்து மணிக்கு வரும் பசியை நான் பசி என்றே அறியவில்லை. குடிக்கத் தூண்டும் வேட்கை என்று எண்ணிப் பயந்தேன். மீட்பில் இருப்பவர்கள் நான்கு நிலைகளைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வது வழக்கம்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இவற்றுள் பசியைத் தீர்ப்பதுதான் மிக எளிது. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன்னரே வயிறு நிறைய எதையாவது உண்ணத் தொடங்கினேன். ஆறு மணியின் கூர்மை பாதிக்கு மேல் மழுங்கியது. இனிப்பின் மேல் கட்டுக்கடங்காத ஆசை வந்த மாதங்களும் உண்டு. முதல் ஆண்டில் அதோடு நான் போரிடவில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்த முயன்று எல்லாவற்றையும் இழந்த சிலரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பழக்கம் படிய 21 நாட்கள் போதும் என்று பலரும் சொல்வார்கள். நானும் அதை நம்பி நாட்களை எண்ணினேன். 22ஆம் நாள் மாலையும் காலணியை அணிவது முதல் நாளைப் போலவே கடினமாக இருந்ததும், என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று மனம் ஒடிந்துபோனேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி ஆலோசகர்தான் எடுத்துச் சொன்னார். ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாட்கள் ஆகியிருக்கின்றன. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டிருக்கிறது. இடையே ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுவிடவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. எனக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. ஒரு நாள் மழையில் நனைந்தபடி பாதி தூரம் போன பிறகுதான், கிளம்பும்போது நான் என்னோடு வாதாடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தூக்கத்தின் கதை இதைவிட நீண்டது. குடிப்பவர்கள் பலர் தூக்கத்திற்காகவே குடிப்பதாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மது விரைவாகக் கண்ணயரச் செய்வது உண்மைதான். ஆனால் கனவுகள் நிகழும் தூக்கக் கட்டத்தை இரவின் முற்பகுதியில் அது அடக்கிவிட்டு, பிற்பகுதியைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறது. நிறுத்தியதும் தூக்கம் சீராகிவிடும் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அது சீராகப் பல மாதங்கள் ஆயின. அடக்கி வைக்கப்பட்ட கனவுகள் திரும்பி வந்தன. கனவில் நான் குடித்தேன். யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்துக் குடித்தேன். விழித்ததும் உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, கனவுதான் என்று உறுதி செய்துகொண்டு, இருட்டில் அழுதிருக்கிறேன். அத்தகைய கனவு வந்தால் அது வீழ்ச்சியின் அறிகுறி என்று அஞ்ச வேண்டாம். மீட்பில் இருக்கும் எத்தனையோ பேருக்கு அது வருகிறது என்பதைப் பிறகு, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழுவில் கேட்டு அறிந்தேன்.

தூக்கத்தில் நான் கட்டுப்படுத்தக்கூடியது எழும் நேரம் ஒன்றுதான் என்று புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. எப்போது தூங்கினாலும், தூங்காமலே கிடந்தாலும், காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். காப்பியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் நண்பகலுக்குப் பிறகு காப்பியைத் தொடவில்லை. இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் சென்று, மங்கிய வெளிச்சத்தில் துணிகளை மடித்து வைப்பேன். யாரோ ஒருவர் தூக்க மாத்திரை கொடுக்க முன்வந்தபோது மருத்துவரைக் கேட்டேன். மது தொட்ட அதே காபா அமைப்பைத்தான் அவற்றுள் பலவும் தொடுகின்றன, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு அடிமையாக வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடையில் ஒருமுறைகூட விழிக்காமல் தூங்கி எழுந்தேன். அன்று காலை சன்னல் வழியே தெரிந்த மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி அந்தச் சறுக்கல். அது நடந்தது ஐந்தாம் மாதத்தில். அலுவலகத்தில் ஒருவர் பணி ஓய்வு பெற்றதற்கான விருந்து. ஒரு கிளாஸ் எடுத்தேன். பிறகு எத்தனை என்று எண்ணவில்லை. மறுநாள் காலை என் மனத்தில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: எல்லாம் போய்விட்டது, இனி எதைக் காப்பாற்ற வேண்டும்? மார்லட் இந்த எண்ணத்தைத் தனியாகப் பெயரிட்டே ஆராய்ந்திருக்கிறார். ஒரு முறை விரதம் முறிந்ததும், 'நான் தோற்றவன்' என்ற முடிவுக்கு மனம் தாவி, அந்தக் குற்ற உணர்வே அடுத்த கிளாஸை எடுக்க வைக்கிறது. சறுக்கலை வீழ்ச்சியாக்குவது பெரும்பாலும் இந்தத் தாவல்தான். எனக்கு அப்போது இந்தக் கோட்பாடு தெரியாது. மனைவி ஆலோசகரின் எண்ணை அழுத்திக் கைபேசியை என் காதில் வைத்தாள்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஏன் குடித்தீர்கள் என்றும் கேட்கவில்லை. "நேற்று மாலை ஐந்து மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். எதுவும் சாப்பிடவில்லை. "கடைசியாக நடக்கப் போனது எப்போது?" என் பழக்கங்களை அன்றாடம் குறித்து வந்த குறிப்பேட்டைப் புரட்டினேன், மூன்று நாட்களாகப் போகவில்லை. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. நான்கு இரவுகளாக நேரங்கெட்டுத் தூக்கம். குழுக் கூட்டத்திற்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. "அப்படியானால் நீங்கள் நேற்றுச் சறுக்கவில்லை, நான்கு நாட்களுக்கு முன்பே சறுக்கத் தொடங்கிவிட்டீர்கள்" என்றார். இந்த ஒரு வாக்கியம் என்னை மாற்றியது. அதுவரை உணவும் நடையும் தூக்கமும் உடல்நலத்திற்கு நல்லது என்ற அளவிலேயே அவற்றைச் செய்து வந்தேன். அவைதாம் எனக்கு முன்னறிவிப்பும் கொடுக்கின்றன என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. வேட்கை வந்துவிட்டதா என்று மனத்தைத் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் பொய் சொல்லும். குறிப்பேட்டில் இரண்டு நாள் நடைக்கு எதிரே வெற்றிடம் இருந்தால், அது பொய் சொல்லாது. இப்போதும் எந்தப் பழக்கமாவது தொடர்ந்து இரண்டு நாள் விடுபட்டால், அன்று மாலையே யாரையாவது அழைத்துச் சொல்லிவிடுகிறேன். குடிக்கும் எண்ணம் துளியும் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த 'யாராவது' பெரும்பாலும் குழுவில் உள்ள ஒரு மூத்தவர். என்னைவிடப் பதினாறு ஆண்டுகள் கூடுதலாகக் குடியில்லாமல் இருப்பவர். நான் அண்ணன் என்று அழைக்கிறேன். அவரோடு பேசும் பேச்சில் அறிவுரை மிகக் குறைவு. "சாப்பிட்டாயிற்றா, தம்பி?" என்பார், பிறகு தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வார். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் பிறந்ததே இப்படிப்பட்ட ஓர் அழைப்பிலிருந்துதான். 1935 மே மாதம், வேலை நிமித்தமாக அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்திற்குச் சென்ற பில் வில்சன், போன காரியம் கைகூடாமல், ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம் கேட்டுக்கொண்டிருந்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவர், தொலைபேசியை நாடி, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடினார். அந்தத் தேடல், பிறகு அவரோடு சேர்ந்து அந்த இயக்கத்தைத் தொடங்கிய பாப் ஸ்மித் என்ற மருத்துவரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பில் வில்சன் அங்கே பிறரைத் திருத்துவதற்காகத் தேடவில்லை, தான் பிழைப்பதற்காகத் தேடினார் என்பதுதான் அந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் தொடுகிறது.

வீட்டில் நம்பிக்கை திரும்பியது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். இரண்டாம் ஆண்டிலும் நான் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மனைவி அருகில் வந்து ஒரு கணம் நிற்பாள். மூச்சை முகர்கிறாள் என்று எனக்குத் தெரியும். முதலில் அது என்னை மிகவும் புண்படுத்தியது. ஒருமுறை உரக்கச் சண்டை போட்டுமிருக்கிறேன். பதினான்கு ஆண்டுகள் நான் ஒரு பழக்கத்தை வளர்த்தபோது, அவளும் தன் பாதுகாப்புக்காக ஒரு பழக்கத்தை வளர்க்க வேண்டியிருந்தது என்பதை மெதுவாகவே உணர்ந்தேன். அவளுடையது மறையவும் காலம் வேண்டும். ஆகவே வந்தவுடன் நானே அவள் அருகே சென்று, அன்று நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவள் எப்போது முகர்வதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அடுத்த வாரம் வேலைக்காக நான்கு நாட்கள் வெளியூர் செல்கிறேன். குடியை விட்ட பிறகு தனியாகத் தங்கும் முதல் பயணம் இது. வீட்டிலுள்ள ஆணி அங்கே இருக்காது. அறையில் மது வைத்திருந்தால் நான் வருவதற்கு முன்பே அகற்றிவிட வேண்டும் என்று விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மறுமுனையில் இருந்தவர் காரணம் கேட்காமல் சரி என்றார். அந்த ஊரில் குழு கூடும் இடத்தையும் நேரத்தையும் அண்ணன் விசாரித்துக் கொடுத்திருக்கிறார். கூட்டம் இல்லாத இரண்டு நாட்களில் ஆறு மணிக்கு அவரே அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியில் காலணிகளை அடியில் வைத்திருந்தேன். நேற்று இரவு மனைவி அவற்றை எடுத்து, பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி துணிகளுக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.